ஹெல்மெட்டுக்குள் இரைச்சல், தலையில் காற்றடி: டெல்டா சாலைகளில் என்னிடம் கேட்ட கேள்விகள்

எனக்கு விதை விற்பனை வேலை. வாரத்தில் 5 நாள் தஞ்சாவூர், திருவாரூர், மன்னார்குடி, நாகப்பட்டினம் என்று பைக்கில்தான் சுற்றுகிறேன். கழுத்தில் துண்டு, காதில் மஞ்சளாக ஏதோ ஒன்று, ஹெல்மெட்டில் டேப் ஒட்டிப் பிய்த்த தடம் என்று நான் வந்து இறங்குவதைப் பார்த்து உரக்கடையிலும் டீக்கடையிலும் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக்கிடந்த நேரங்களிலும் ஆட்கள் கேட்டவைதான் இவை. திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஏன் சார், ஹெல்மெட் போட்டா சத்தம் குறையணும்தானே? எனக்கு ஏன் கூடுது?

ஹெல்மெட் தலையைக் காப்பாற்றச் செய்தது, காதைக் காப்பாற்ற அல்ல. உருண்டையான ஒன்றின்மேல் காற்று மோதினால் முன்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், பின்பக்கம் போனதும் பிய்ந்து சுழலும். அந்தச் சுழல்தான் இரைச்சல். காலிக் குடத்தின் வாயில் ஊதினால் 'பூம்' என்று வருமே, அதே கதைதான் தாடைக்குக் கீழே, ஹெல்மெட்டின் திறந்த வாயில் நடக்கிறது. பெரும்பாலான சத்தம் அந்தக் கீழ்வாய் வழியாகத்தான் உள்ளே ஏறுகிறது, நெற்றிப்பக்கமாக அல்ல. ஆட்கள் மேலே இருக்கும் காற்றுத்துளைகளை மட்டும் அடைத்துப் பார்த்துவிட்டு "ஒன்றும் மாறவில்லையே" என்பது அதனால்தான்.

இன்னொன்று, அது இன்ஜின் சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். 60, 65 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் உங்கள் காதில் விழுவதில் பெரும்பங்கு காற்றுதான். சைலன்சரை மாற்றிப் பயனில்லை.

நான் எக்ஸெல்லுல நாப்பதுலதான் போறேன், எனக்கும் இதெல்லாம் வேணுமா?

40ல் போனால் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஹெல்மெட் போட்டுப் பட்டையை மாட்டுங்கள், கண்ணாடியை இறக்குங்கள், போதும். ஐப்பசி, கார்த்திகையில் பொழுது சாய்ந்த பிறகு வயல் ஓரச் சாலையில் பூச்சி கண்ணில் அடிப்பதுதான் உங்களுக்குப் பெரிய தொல்லை.

ஆனால் ஒரு விஷயம். முள் காட்டும் வேகம் தரையைப் பொறுத்தது, உங்கள் தலைக்குத் தெரிவது காற்றைப் பொறுத்த வேகம். எதிர்க்காற்றில் 40ம் 70 ஆகிவிடும். அடுத்த கேள்வி அதுதான்.

ஆடி மாசம் மட்டும் சாயங்காலம் வீடு திரும்பறப்ப கழுத்து கழண்டு விழற மாதிரி வலிக்குது. காலைல போறப்ப ஒண்ணுமே இல்லையே?

நீங்கள் தஞ்சாவூரிலிருந்து கிழக்கே வேலைக்குப் போகிறவர், சரியா? கேட்காமலே சொல்லிவிடலாம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்த மேலக்காற்று காவிரியோடு சேர்ந்து கிழக்கே ஓடிவருகிறது. காலையில் திருவாரூர் பக்கம் போகும்போது அது உங்கள் முதுகில், மாலையில் திரும்பும்போது முகத்தில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்று 30 கி.மீ. வேகத்தில் அடிக்கிறது, நீங்கள் இரண்டு வேளையும் 60ல் போகிறீர்கள் என்றால், காலையில் தலைமேல் மோதும் காற்றின் வேகம் 30தான், மாலையில் 90. காற்றின் தள்ளு வேகத்தின் வர்க்கமாக ஏறும். மூன்று மடங்கு வேகம், ஒன்பது மடங்கு தள்ளு. அதே வண்டி, அதே ஹெல்மெட், அதே 60. அம்மியே பறக்கும் காற்று என்று சொல்லி வைத்தவர்கள் ஹெல்மெட் போட்டிருந்தால் இன்னும் மோசமாகச் சொல்லியிருப்பார்கள். சத்தம் இந்தத் தள்ளைவிடவும் வேகமாக ஏறும், அதனால் எதிர்க்காற்று நாளில் 10 கி.மீ. குறைத்தாலே காதுக்கு நன்றாகத் தெரியும். ஐப்பசிக்கு மேல் காற்று வடகிழக்கிலிருந்து வரும்போது இதே தொல்லை வேதாரண்யத்திலிருந்து நாகப்பட்டினம் நோக்கி வடக்கே போகிறவர்களுக்கு.

யூடியூபில் பஃபெட்டிங், பஃபெட்டிங் என்கிறார்களே, அதுவும் இந்தச் சத்தமும் ஒன்றா?

இல்லை, பிரித்துப் பார்க்காமல் காசு செலவழித்தால் பாதி வீண். சீரான காற்று தலையில் மோதினால் பின்னால் தள்ளும், இரையும், ஆனால் ஆட்டாது. உடைந்த காற்று, அதாவது ஏதோ ஒன்றின் விளிம்பில் பட்டுச் சுழன்று வரும் காற்று மோதினால், யாரோ தலையைப் பிடித்து உலுக்குவது போல இருக்கும், கண்ணில் எதிரே உள்ள பலகை எழுத்துகூட மங்கும். அந்த உலுக்கல்தான் பஃபெட்டிங். முன்னால் லாரி போகும்போது தலை ஆடுகிறதே, லாரி விளிம்பில் உடைந்த காற்று அது. இடைவெளி விட்டால் நின்றுவிடும்.

கண்டுபிடிக்கும் வழி சுலபம். நேரான, ஆள் இல்லாத சாலையில் 60ல் போகும்போது முட்டியை லேசாக நீட்டிக் கால்மிதியில் நாலு விரல் உயரம் எழுந்து பாருங்கள். அப்புறம் பெட்ரோல் தொட்டியை ஒட்டிக் குனிந்து பாருங்கள். எழுந்தபோது ஆட்டம் நின்று, சத்தமும் தெளிவான ஒரே 'ஹோ'வாக மாறினால், உங்கள் தலை வண்டியின் முன்கண்ணாடி கிளப்பும் அழுக்குக் காற்றில் இருக்கிறது. குனிந்தால் அமைதி, நிமிர்ந்தாலும் அமைதி, நடுவில் உட்கார்ந்தால்தான் நரகம் என்றால் அதுவேதான். எங்கேயும் எதுவும் மாறவில்லை என்றால் சந்தேகத்தை ஹெல்மெட் பக்கம் திருப்புங்கள்.

பெரிய விண்ட்ஷீல்டு வாங்கி மாட்டினேன் அண்ணே, முன்னைவிட மோசமாயிடுச்சு. காசு தண்டமா?

நானும் அந்தத் தண்டத்தைக் கட்டியவன்தான். கடைக்காரர் "இது போட்டா காத்தே தெரியாது சார்" என்றார், நெஞ்சில் தெரியவில்லை என்பது உண்மை, அங்கே படவேண்டிய காற்றையெல்லாம் சேர்த்து நேராக என் மூக்குக்கு அனுப்பியது. ஒன்றுமில்லாத வண்டியில் தலைக்கு வருவது சீரான காற்று, சத்தம் உண்டு, உலுக்கல் குறைவு. அரைகுறை உயரக் கண்ணாடி மாட்டினால் அதன் மேல்விளிம்பில் காற்று உடைந்து, சரியாக ஹெல்மெட் உயரத்துக்கு வந்து சேரும். ஆகவே முதல் சோதனை, அதைக் கழற்றிவிட்டு ஒருநாள் ஓட்டிப் பார்ப்பது. கழற்றினால் நிம்மதி என்றால் கழற்றியே வையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் மூன்று வேலை செய்து பார்க்கலாம். சாய்வை மாற்றுங்கள்: கொஞ்சம் நிமிர்த்தினால் காற்று இன்னும் மேலே ஏறித் தலையைத் தாண்டும், படுக்கவைத்தால் கீழே இறங்கி நெஞ்சில் மோதும், இரண்டில் ஒன்று உங்கள் உயரத்துக்குப் பொருந்தும். அடுத்து, கண்ணாடிக்கும் விளக்குக் கூட்டுக்கும் நடுவில் தடித்த வாஷர் வைத்து ஒரு விரல் இடைவெளி விடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்துபோவதுதான் மேலே போகும் காற்றை உங்கள் பக்கம் உறிஞ்சி இழுக்கிறது, கீழே இருந்து கொஞ்சம் காற்றை உள்ளே விட்டால் அந்த இழுப்பு தணியும். கேட்டால் முரணாகத் தோன்றும், எனக்கு அதிகம் வேலை செய்தது இதுதான். மூன்றாவது உயரம்: புதிதாக வாங்கும்முன் தடித்த பிளாஸ்டிக் அட்டையை மேல்விளிம்பில் டேப்பால் இறுக்கி ஒட்டி 50ல் ஓட்டிப் பாருங்கள், தேவைப்படும் உயரம் தெரிந்துவிடும். எவ்வளவு உயர்த்தினாலும் கண்ணாடிக்கு மேலாகச் சாலையைப் பார்க்க முடியவேண்டும், கண்ணாடி வழியாகப் பார்க்கக்கூடாது. ஐப்பசி மழையில் இரவில் எதிரே பஸ் விளக்கு அடித்தால் ஏன் என்று புரியும்.

எந்த ஹெல்மெட் வாங்கினா சத்தமே வராது?

அப்படி ஒன்று கிடையாது. விலை ஏறினால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். விலையைவிட அளவு முக்கியம். சரியான அளவு என்றால் கன்னம் இரண்டும் லேசாக அமுங்கி, வாய்க்குள் கன்னத்தைக் கடிப்பது போல இருக்கவேண்டும், ஹெல்மெட்டைப் பிடித்து இடவலமாகத் திருப்பினால் முகத் தோலும் கூடவே திரும்பவேண்டும். "புதுசுல இறுக்கும், ஒரு நம்பர் பெருசா எடுத்துக்குங்க" என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். பஞ்சு நாளாவட்டத்தில் தானாகவே அமுங்கும், பெரிதாக வாங்கினது இன்னும் பெரிதாகும். தொளதொள ஹெல்மெட்டில் சத்தமும் அதிகம், உலுக்கலும் அதிகம், விழுந்தால் கழன்றும் போகும்.

மற்றபடி முழு முக ஹெல்மெட், கழுத்தைச் சுற்றித் தடித்த பஞ்சு, தாடைக்குக் கீழே ஒரு துணித்தடுப்பு, இவை இருந்தால் நல்லது. நெற்றியில் கூரை நீட்டிய ஹெல்மெட் வயல் வரப்புக்கு அழகு, 80ல் அந்தக் கூரையே காற்றைப் பிடித்துத் தலையைப் பின்னால் இழுக்கும். தாடை தூக்கும் வகையில் இணைப்பு இடுக்குகள் அதிகம், பொதுவாகச் சத்தமும் அதிகம். அரை ஹெல்மெட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம், சாலையோரம் குவித்து விற்பதில் அதைத் தேடிப் பாருங்கள்.

இரைச்சல்கூடப் பரவாயில்ல, விசிலடிக்கிற மாதிரி ஒண்ணு வருது பாருங்க, அது பைத்தியம் புடிக்க வைக்குது.

விசில் என்றால் சந்தோஷப்படுங்கள், அதுதான் சுலபமாகத் தீரும். எங்கோ ஒரு மெல்லிய இடுக்கில் காற்று ஊதுகிறது. பெயிண்டர்கள் ஒட்டும் காகித டேப் ஒரு சுருள் வாங்கி, முதலில் எல்லாவற்றையும் ஒட்டுங்கள்: காற்றுத்துளைகள், கண்ணாடியின் இரு பக்கத் திருகுமூடிகள், கண்ணாடியின் மேல்விளிம்பு. விசில் நின்றதா? இப்போது ஒவ்வொரு டேப்பாக உரித்து உரித்து ஓட்டிப் பாருங்கள். எதை உரித்தபோது திரும்ப வருகிறதோ அதுதான் திருடன். எனக்கு ஹெல்மெட் கண்ணாடியின் வலதுபக்க ரப்பர் ஓரம் காய்ந்து சுருங்கியிருந்தது, சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவினதும் நின்றது.

ரப்பரையும் கண்ணாடியையும் பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள், கண்ணாடி வெடிப்பு விடும். ஹெல்மெட்டில் ஒட்டிய கேமரா தாங்கி, ஆடும் பட்டையின் நுனி, ஜாக்கெட் காலர் எல்லாம் விசிலடிக்கும் அல்லது படபடக்கும், அதையும் பாருங்கள்.

துண்டு கட்டினா போதும்னு பெரியவங்க சொல்றாங்க, உண்மையா?

பாதிக்குமேல் உண்மை. முதல் பதிலில் சொன்ன கீழ்வாயை அடைக்கும் மலிவான சாமான் நம் துண்டுதான். மெல்லிய பருத்தித் துண்டைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, தாடைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்புங்கள். அந்தக் குடம் ஊதும் 'பூம்' சத்தம் சட்டென்று இறங்குவது முதல் நாளே தெரியும். வேர்க்கும், சித்திரையில் தாங்காது, மற்ற மாதங்களில் சரி.

நுனி இரண்டையும் சட்டைக்குள் செருகி, சட்டைப் பொத்தானைப் போடுங்கள். வெளியே தொங்கவிட்டால் படபடத்துப் புதிய சத்தம் கொடுக்கும், அவிழ்ந்து சக்கரத்தில் போனால் கழுத்தையே இழுத்துவிடும். சுடிதார் துப்பட்டாவால் முகம் சுற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இதை இரண்டு முறை சொல்வேன். தலைவழியாகப் போடும் குழாய்மாதிரித் துணி கடைகளில் கிடைக்கிறது, நுனியே இல்லாததால் அதுதான் நிம்மதி.

காதுல பஞ்சு வெச்சுக்கலாமா?

மருந்துக்கடைப் பஞ்சு அனேகமாக எதையும் தடுக்காது, நூல் உள்ளே தங்கித் தொந்தரவு கொடுக்கும். நுரையில் செய்த காதடைப்பான் வாங்குங்கள். ஆலைகளில் போடுவது அதுதான், மருந்துக்கடையிலும் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் கடையிலும் கிடைக்கும், ஒரு ஜோடி ஒரு வேளை டிபன் காசுக்குள் முடிந்துவிடும். இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லும் சாமான்களில் ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்றால் இதை வாங்குங்கள்.

போடும் முறையில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். சுத்தமான விரலால் மெல்லிய திரி மாதிரி உருட்டுங்கள். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துக்கொண்டு, உள்ளே செருகி, விரிந்து நிரம்பும்வரை அரை நிமிடம் விரலால் பிடியுங்கள். உங்கள் குரல் உங்களுக்கே குடத்துக்குள் பேசுவது போலக் கேட்டால் சரியாக உட்கார்ந்துவிட்டது. ஹெல்மெட் போடும்போது இழுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அழுக்கானதைத் திரும்பப் போடாதீர்கள், நம் வேர்வைக்குக் காதில் புண் வந்துவிடும். காதில் ஏற்கெனவே சீழ், வலி இருந்தால் டாக்டரைக் கேட்காமல் எதையும் செருகவேண்டாம்.

காதை அடைச்சுட்டா ஹாரன் கேக்காம பஸ்காரன் ஏத்திட மாட்டானா?

எல்லோரும் கேட்பது இதுதான், நியாயமான பயம். ஆனால் 80ல் போகும்போது அடைப்பான் இல்லாமல் ஹாரன் எவ்வளவு கேட்கிறது? காற்றிரைச்சல் அதை ஏற்கெனவே விழுங்கியிருக்கும். அடைப்பான் காற்றையும் ஹாரனையும் சேர்த்தே இறக்குகிறது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே இருக்கும், காது மரத்துப்போகாமல் இருப்பதால் ஹாரன் தனியாகத் தெரியும். நம்மூர் பஸ் ஹாரன் எந்த நுரைக்கும் அடங்காது என்பதும் உண்மை.

ஊருக்குள் கதை வேறு. கும்பகோணம் கடைத்தெருவில் 20ல் ஊரும்போது காற்றே கிடையாது, அங்கே சைக்கிள் மணி, ஆள் குரல் எல்லாம் கேட்கவேண்டும். நான் ஊர் எல்லையில் கழற்றிச் சட்டைப் பையில் உள்ள சின்ன டப்பியில் போட்டுக்கொள்வேன். ஏற்கெனவே கேள்வித்திறன் குறைந்தவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது, அவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யட்டும்.

அதுக்குப் பதிலா ஹெட்செட்ல பாட்டு வெச்சுக்கிட்டா இரைச்சல் தெரியலையே?

தெரியவில்லை, ஏனென்றால் இரைச்சலைவிட அதிகமாகப் பாட்டை வைத்திருக்கிறீர்கள். காதுக்கு இரண்டும் சத்தம்தான், கூட்டல் கணக்கு. கவனமும் போகும், ஹாரனும் போகும். வேண்டாம்.

ஓட்டறவருக்கு ஒண்ணுமில்லண்ணே, பின்னால உக்கார்ற எனக்குத்தான் தலை ஆடுது.

அவர் ஹெல்மெட்டில் உடைந்த காற்று அடுத்ததாக உங்கள் ஹெல்மெட்டில்தான் மோதுகிறது, நாலாவது பதிலில் சொன்ன லாரி மாதிரிதான், உங்களுக்கு வீட்டுக்காரரே லாரி. நெருங்கி உட்கார்ந்து, தலையை அவர் தலைக்கு நேர் பின்னால் வையுங்கள். சாலையை எட்டிப் பார்க்கத் தலையை ஒருபக்கம் நீட்டினால்தான் விளிம்புக் காற்று சிக்கும். பின்சீட் உயரமான வண்டி என்றால் இது முழுசாகத் தீராது, வேகம் குறைக்கச் சொல்லுங்கள். பின்னால் இருப்பவருக்கும் முழு முக ஹெல்மெட் வேண்டும், பலர் ஓட்டுகிறவருக்கு நல்லது வாங்கிவிட்டுப் பின்னால் இருப்பவருக்குச் சட்டி ஒன்றைக் கவிழ்த்துவிடுகிறார்கள்.

கொள்ளிடம் பாலத்துல ஏறினா வண்டியே பக்கவாட்டுல தள்ளுது. இதுக்கு என்ன மாட்டணும்?

எதையும் மாட்டித் தீராது. ஆறு கிட்டத்தட்ட மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது, பாலம் அதற்குக் குறுக்கே. மரமும் வீடும் மறைத்திருந்த மேலக்காற்று ஆற்றின் அகலம் முழுக்கத் தடையில்லாமல் வந்து உங்கள் விலாவில் அடிக்கிறது. வடக்கே போனால் இடப்பக்கமிருந்து அடித்து எதிர்வண்டிப் பக்கம் தள்ளும், தெற்கே வந்தால் கைப்பிடிச்சுவர்ப் பக்கம். வடக்கே போவதுதான் ஆபத்து.

பாலம் ஏறும்முன்பே வேகத்தைக் குறையுங்கள், பாலத்தில் திடீர் பிரேக் வேண்டாம். கைப்பிடியை இறுக்காதீர்கள், முட்டியால் தொட்டியைப் பிடியுங்கள், உடம்பில் அடிக்கும் காற்று கை வழியாக ஹேண்டிலுக்குப் போகக்கூடாது. காற்று வரும் பக்கத்துக் கைப்பிடியை லேசாக முன்னால் அழுத்தினால் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து நேராகப் போகும். பஸ் எதிரே வந்தால் ஒரு நொடி காற்று நின்று மறுபடி அறையும், அந்த இரண்டு அடியையும் எதிர்பார்த்து இடம் விட்டுப் போங்கள். அகலமான விண்ட்ஷீல்டு, பின்னால் பெரிய பெட்டி, கட்டிவைத்த தவிட்டு மூட்டை எல்லாம் பாய் மாதிரிக் காற்றைப் பிடிக்கும்.

80 தாண்டினா ஹேண்டில் ஆடுது. இதுவும் காத்துதானே?

தலை ஆடினால் காற்று, ஹேண்டில் ஆடினால் முதலில் மெக்கானிக். காற்றே இல்லாத அதிகாலையிலும் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங், தளர்ந்திருக்கலாம், முன்டயர் தேய்ந்து அல்லது காற்று குறைந்து இருக்கலாம், சக்கரம் கோணலாக இருக்கலாம். எல்லாம் சரி என்றால், ஹேண்டிலிலேயே மாட்டிய விண்ட்ஷீல்டு இருந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள், அதில் படும் காற்று நேராகத் திசைமாற்றியை ஆட்டும். பின்பெட்டியில் பாரம் ஏற்றினாலும் முன்சக்கரம் லேசாகி வண்டி நெளியும். என் விதைப் பைகளைப் பின்பெட்டியிலிருந்து பக்கப் பைகளுக்கு மாற்றியதும் பாதி ஆட்டம் போய்விட்டது.

வண்டிய விட்டு இறங்கி சாப்பிட உக்காந்தாலும் காதுல 'ஙொய்'னு கேட்டுக்கிட்டே இருக்கு. தூங்கினா சரியாயிடுது. விட்டுடலாமா?

விடாதீர்கள். காது அன்றைக்குத் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது என்பதுதான் அந்த 'ஙொய்'. அமெரிக்காவின் நையோஷ் என்ற தொழில்சார் நல ஆய்வு அமைப்பு 85 டெசிபெலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது, ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும்: 88ல் 4 மணி, 91ல் 2, 94ல் 1, 97ல் அரை மணிதான். ஹெல்மெட்டுக்குள் 80 கி.மீ. வேகத்தில் 90 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம், தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போய்த் திரும்பினால் எத்தனை மணி நேரம் என்று நீங்களே பாருங்கள். உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் செத்தால் திரும்ப முளைக்காது, தூங்கி எழுந்து சரியானது போலத் தெரிந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

இரைச்சலால் வரும் கேட்புக் குறை பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சான சுருதியில்தான் முதலில் தொடங்கும், அதனால் நமக்கே தெரியாது. பஸ் சத்தம் கேட்கும், இடி கேட்கும், போனில் பேசுகிறவர் 'சம்பா' என்றாரா 'தம்பா' என்றாரா என்பது குழம்பும். எனக்கு அப்படித்தான் ஒரு ஆர்டர் மாறிப்போய், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் காதில் சத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனை, அரை மணி நேரத்தில் முடிந்தது, வலது காதுக்கான வரைபடத்தில் கோடு ஓரிடத்தில் பள்ளமாக இறங்கியிருந்தது. காதில் மஞ்சளாக எதையோ செருகிக்கொண்டு நான் வந்து இறங்க ஆரம்பித்தது அதற்கு அடுத்த வாரம்தான்.